காவலைக் கேள்வி கேட்டவர்

திருச்சியில் பிறந்து இந்தியாவின் பாதுகாப்புச் சிந்தனைக்கு வடிவம் கொடுத்தவர் கே. சுப்ரமணியம். காவலின் பெயரால் நடந்த பலவற்றைப் பார்த்துவிட்ட மாத்தளை, அவரிடமிருந்து எதைக் கற்கலாம்?

1999 மே மாதத் தொடக்கம். கார்கில் மாவட்டத்தின் பட்டாலிக் மலைச்சரிவுகளில் அந்நியர் நடமாட்டத்தை முதலில் கண்டு சொன்னவர்கள், அங்கே கால்நடை மேய்க்கிறவர்கள். பத்து லட்சம் பேரளவிலான இராணுவமும் உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று எனப் புலனாய்வு அமைப்புகளும் வைத்திருந்த ஒரு நாட்டுக்கு, எல்லைக்குள் ஆள் புகுந்த செய்தி அப்படித்தான் வந்து சேர்ந்தது. அதன் பிறகு மூண்ட போரில் இந்தியத் தரப்பில் மட்டும் 500க்கும் அதிகமான படையினர் மாண்டார்கள். ஜூலை 26இல் போர் முடிந்தது. மூன்றாம் நாள், 29ஆம் திகதி, எப்படி ஏமாந்தோம் என்று கண்டறிந்து எழுதித் தரும்படி வாஜ்பாய் அரசாங்கம் நால்வர் குழு ஒன்றை அமைத்தது. அதற்குத் தலைவராக வந்தவர், சீருடை அணிந்தே அறியாத எழுபது வயதுத் தமிழர் கே. சுப்ரமணியம்.

கோப்புக்குள்ளிருந்து வெளியே

சுப்ரமணியம் பிறந்தது 1929 ஜனவரி 19இல், திருச்சிராப்பள்ளியில். மாத்தளைக்காரருக்கு அது அந்நிய ஊரல்ல. கோப்பிக் காலத்தில் மன்னாரில் கரையிறங்கி, காடும் காய்ச்சலும் தாண்டி, தம்புள்ளை, நாலந்தை வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களில் திருச்சிச் சீமைக்காரரும் உண்டு. பூர்வீகம் திருச்சிப் பக்கம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் தோட்டங்களில் இன்றும் இருக்கின்றன.

சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயனவியல் படித்தவர், 1951இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தார். 1962இல் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சுக்குப் போனார். இமயத்தில் சீனாவிடம் இந்தியா அடிபட்ட ஆண்டு அது. தோல்வியின் கோப்புகள் புரளும் இடத்தில் இருந்தவருக்கு, இந்தத் துறையை முறையாகப் படித்தாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததில் வியப்பில்லை. 1966-67இல் ராக்ஃபெல்லர் புலமைப்பரிசில் பெற்று லண்டன் பொருளியல் கல்லூரியில் மூலோபாயக் கற்கையில் ஈடுபட்டார். 1968இல் டெல்லியின் பாதுகாப்புக் கற்கைகள், பகுப்பாய்வு நிறுவனத்துக்குப் பணிப்பாளரானார். 1965இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு முதல் பணிப்பாளராக இருந்தவர் ஒரு மேஜர் ஜெனரல். இரண்டாவதாக வந்தவர் இந்தச் சிவில் அதிகாரி.

பாதுகாப்பு என்றால் தளபதிகளும் செயலாளர்களும் மூடிய அறைக்குள் பேசிக்கொள்ள வேண்டியது என்பதே அன்றைய வழக்கம். சுப்ரமணியம் அதைப் பத்திரிகைப் பக்கத்துக்குக் கொண்டுவந்தார். வரவுசெலவுத் திட்டத்தில் படைக்கு ஒதுக்கும் பணம் எதற்குப் போகிறது, அணுகுண்டு வேண்டுமா வேண்டாமா, சீனாவை எப்படிப் புரிந்துகொள்வது என்றெல்லாம் தொடர்ந்து எழுதினார். அரசாங்கச் சம்பளத்தில் இருந்துகொண்டே அரசாங்கத்துக்குப் பிடிக்காததையும் எழுதினார்.

1975 வரை அந்தப் பதவி. அதன் பிறகு தமிழ்நாட்டின் உள்துறைச் செயலாளர், 1977 முதல் கூட்டுப் புலனாய்வுக் குழுவின் தலைவர், 1979இல் பாதுகாப்பு உற்பத்திச் செயலாளர் என்று மேலே போனார். 1980இல் இந்திரா காந்தி ஆட்சிக்குத் திரும்பியதும் செயலாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதற்குப் பிறகு அவர் செயலாளராக வரவேயில்லை என்று அவருடைய மகன் 2023இல் ஒரு நேர்காணலில் சொன்னார். அந்த மகன்தான் இந்திய வெளிவிவகார அமைச்சர் எஸ். ஜெய்சங்கர். நீக்கப்பட்ட தந்தை பழைய ஆய்வு நிறுவனத்துக்கே திரும்பி 1987 வரை அதை நடத்தினார். ஒரு தலைமுறை ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் அவரிடம் பாடம் கேட்டது அந்த ஆண்டுகளில்தான்.

1984 ஆகஸ்டில் ஒரு சம்பவம். டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் நோக்கிப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டு லாகூர், கராச்சி வழியாகத் துபாய்க்குக் கொண்டுபோகப்பட்டது. வெளிவிவகார அமைச்சில் அந்த நெருக்கடியைக் கையாண்ட குழுவில் இளம் அதிகாரி ஜெய்சங்கரும் இருந்தார். விமானக் கடத்தலாம், வீட்டுக்கு வர முடியாது என்று தாயாருக்குத் தொலைபேசியில் சொன்னார். சில மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, தந்தையும் அந்த விமானத்தில் இருக்கிறார் என்பது. பயணிகள் எல்லோரும் உயிரோடு மீண்டார்கள். பயங்கரவாதத்தைப் பற்றி எழுதிய பலருக்கு இல்லாத அனுபவம் சுப்ரமணியத்துக்கு அப்படி வாய்த்தது.

அயலவர் கண்ணில்

அவரைச் சமாதானப் பிரியர் என்று யாரும் சொன்னதில்லை. 1971 மார்ச் 31இல், கிழக்குப் பாகிஸ்தானில் படுகொலைகள் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், இந்தியாவுக்கு இப்படியொரு வாய்ப்பு இனி வராது என்று டெல்லிக் கருத்தரங்கு ஒன்றில் பேசினார். இந்தியா சதி செய்கிறது என்பதற்கு அதையே சான்றாகப் பாகிஸ்தான் எடுத்துக் காட்டியது. அணுவாயுத விஷயத்திலும் அவர் கடும்போக்காளர்தான். ஆனால் அவர் தலைமையில் தேசிய பாதுகாப்பு ஆலோசனைச் சபை 1999 ஆகஸ்டில் வெளியிட்ட நகல் அணுக்கோட்பாடு, முதலில் குண்டு போடுவதில்லை என்ற உறுதியைக் கொண்டிருந்தது.

இலங்கையிலிருந்து பார்க்கிறவருக்கு 1971 வேறு முகம் காட்டும். இந்திய வான்பரப்பு மூடப்பட்டிருந்ததால் பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்கவில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிழக்கே பறந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது, அதே கட்டுநாயக்கவுக்குக் காவல் நிற்க இந்தியப் படையினரும் ஹெலிகொப்டர்களும் வந்தார்கள். பெரிய அயல்நாடு உதவவும் வரும், ஒரு நாட்டை உடைக்கவும் துணைபோகும் என்ற பயம் கொழும்பின் மனதில் ஆழப் பதிந்த ஆண்டு அது.

அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தவர்கள் மலையகத்தார். ஜே.வி.பி. தலைவர் ரோஹண விஜேவீர தம் தோழர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. கொழுந்து பறிக்கிறவர்களையும் பால் வெட்டுகிறவர்களையும் இந்தியாவின் கையாட்களாகச் சந்தேகிக்கும் பார்வை அதற்குள் இருந்தது. அதற்கு முன்பே, 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு அதே மக்களைத் தலைக்கணக்கில் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்புக் கோட்பாடு டெல்லியிலும் கொழும்பிலும் புத்தகத்தில் இருக்கும். மாத்தளையின் ரத்தோட்டையிலும் உக்குவளையிலும் அது லயத்துக் கதவைத் தட்டும்.

தன் வீட்டையே சோதித்த அறிக்கை

கார்கில் மீளாய்வுக் குழுவில் பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ், ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் கே.கே. ஹஸாரி, அதிகாரி சதீஷ் சந்திரா ஆகியோர் மற்ற மூவர். விசாரணை ஆணைக்குழுவுக்குரிய சட்ட அதிகாரம் எதுவும் அவர்களுக்கு இல்லை. யாரையும் கட்டாயப்படுத்தி அழைக்க முடியாது. ஆனால் கேட்ட கோப்புகள் கிடைத்தன, கேட்டவர்கள் வந்து பேசினார்கள். டிசம்பருக்குள் அறிக்கை முடிந்தது. 2000 பெப்ரவரியில், சில பகுதிகள் மறைக்கப்பட்ட நிலையில், பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டுப் பிறகு புத்தகமாகவும் வந்தது.

ஊடுருவல் அரசாங்கத்துக்கும் இராணுவத்துக்கும் புலனாய்வுக்கும் முழு அதிர்ச்சியாக இருந்தது என்று அறிக்கை மழுப்பாமல் எழுதியது. துண்டு துண்டான தகவல்கள் பல மேசைகளில் கிடந்தன. அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. சேர்த்துப் பார்க்க வேண்டிய கூட்டுப் புலனாய்வுக் குழுவுக்கு உரிய மதிப்புக் கொடுக்கப்படவில்லை என்றும் எழுதினார்கள். அந்தப் புலனாய்வுக் குழுவுக்கு முன்பு தலைவராக இருந்தவர் சுப்ரமணியமே என்பதை நினைவில் வைத்து இதைப் படிக்க வேண்டும். தாம் இருந்துவிட்டு வந்த வீட்டையே அவர் சோதனை போட்டார்.

அறிக்கையின் கூர்மையான பகுதி, நிர்வாக அமைப்பைப் பற்றியது. 1947இல் இஸ்மே பிரபு வரைந்து மவுண்ட்பேட்டன் பிரபு பரிந்துரைத்த ஏற்பாடு, 1962 தோல்விக்கும் 1971 வெற்றிக்கும் பிறகும் 52 ஆண்டுகளாகப் பெரிதாக மாறவேயில்லை என்று அது சுட்டிக்காட்டியது. இந்த மவுண்ட்பேட்டன் நமக்கும் தெரிந்தவர்தான். 1944இல் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தவர் அவரே.

தனிநபர் எவர்மீதும் பொறுப்பைச் சுமத்தவில்லை, பூசி மெழுகிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் அறிக்கை அலுமாரியில் தூங்கவில்லை. அதை வைத்து அமைச்சர்கள் குழு ஒன்று 2001இல் சீர்திருத்தங்களைப் பரிந்துரைத்தது. முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்புப் புலனாய்வு முகமை 2002இல் வந்தது. அந்த அமைச்சர்கள் கேட்ட முப்படைத் தலைமைத் தளபதி பதவி 2020இல்தான் நிரம்பியது. அறிக்கை எழுதிய அதே 1999இல் பத்ம பூஷண் விருது தேடி வந்தபோது, அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசாங்க விருது வாங்கக்கூடாது என்று சுப்ரமணியம் மறுத்துவிட்டார். 2011 பெப்ரவரி 2இல் டெல்லியில் காலமானார்.

மாத்தளையின் கணக்கு

இப்போது நம்முடைய கணக்கைப் பார்ப்போம். 1848 ஜூலையில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடிசூட்டிக்கொண்டார். கூட்டம் மாத்தளைக்கு வந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கியது. வீதி வரியும் பிற வரிகளும் மக்களை அந்த அளவுக்குத் தள்ளியிருந்தன. தேசாதிபதி டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். ஆகஸ்ட் 8இல் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு பிக்குவையும் காவியுடையோடு நிறுத்திச் சுட்டார்கள். எதிர்ப்பு லண்டன் வரை போய், பிரித்தானியப் பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்தது. 1850இல் டொரிங்டன் பதவி இழந்தார். அடக்கியாண்ட பேரரசே தன் தேசாதிபதியிடம் கணக்குக் கேட்க நேர்ந்தது மாத்தளையால்.

சுதந்திர இலங்கையில் அந்தத் தரம் நிலைக்கவில்லை. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்காக மண் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. தோண்டத் தோண்ட 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் கிடைத்தன. 1980களின் பிற்பகுதிக்குரியவை என்றார் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ. அதைவிடப் பழையவை என்றது பின்னர் வந்த அமெரிக்க ஆய்வுகூட முடிவு. ஜே.வி.பி.யின் இரண்டாம் கிளர்ச்சி அடக்கப்பட்ட 1989இல் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பு அதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. எலும்புகள் வெளிப்பட்டபோது அவர் பாதுகாப்புச் செயலாளர். எந்த நீதிமன்றமும் இதில் எவரையும் குற்றவாளியாகக் காணவில்லை. பிள்ளையைத் தொலைத்த வீடுகளுக்குப் பதிலும் கிடைக்கவில்லை.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில், கார்கிலில் நடந்ததே வேறு உருவில் நடந்தது. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனது, தேவாலயங்களுக்குப் போகவில்லை. 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாராளுமன்றத் தெரிவுக்குழுவும் ஜனாதிபதி ஆணைக்குழுவும் விசாரித்தன. கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறுப்பு அங்கேயாவது ஓரளவு பெயர் சொல்லி நிறுத்தப்பட்டது.

அடுத்த கேள்வியை யார் கேட்பது?

கலேவெலைப் பக்கம் பிறந்த அநுரகுமார திசாநாயக்க இன்று ஜனாதிபதி, பாதுகாப்பு அமைச்சரும் அவரே. இந்திய விஸ்தரிப்புவாத வகுப்பு நடத்திய கட்சியின் தலைவர் அவர். அவருடைய அரசாங்கம் 2025 ஏப்ரலில் இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டது. அப்போது மறுதரப்பில் வெளிவிவகார அமைச்சர் சுப்ரமணியத்தின் மகன். உடன்படிக்கையின் வாசகத்தைப் பகிரங்கப்படுத்துங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன.

அது நல்ல உடன்படிக்கையா, கெட்டதா என்பது அடுத்த விஷயம். அதை வாசித்து, நாட்டுக்கு என்ன லாபம், என்ன ஆபத்து என்று அச்சமின்றி எழுதக்கூடிய சிவில் ஆய்வாளர்கள் நம்மிடம் எத்தனை பேர் என்பதே முதல் கேள்வி. தேசிய பாதுகாப்புக் கற்கைகளுக்கான அரச நிறுவனம் 2016இல் தொடங்கப்பட்டது, ஆனால் பாதுகாப்பு அமைச்சின் கீழ்தான். அமைச்சின் சம்பளத்தில் அமைச்சைக் கேள்வி கேட்க சுப்ரமணியம் போன்ற முதுகெலும்பு வேண்டும். எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே அந்த வேலை பல்கலைக்கழகங்களுக்குள்ளும் வளர வேண்டும்.

மாத்தளை பாக்கியம் தேசிய கல்லூரியிலோ இந்து தேசிய கல்லூரியிலோ அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்குப் பேராதனை ஒரு மணி நேரப் பயணம். அங்கே போய்ப் பாதுகாப்புக் கொள்கையைச் சிறப்புத் துறையாக எடுக்கிற தோட்டத்துப் பிள்ளை, டெல்லியும் கொழும்பும் எழுதிய கோட்பாடுகள் லயத்தில் என்ன செய்தன என்பதை வீட்டிலிருந்தே அறிந்து வரும். எந்தத் தலைநகரத்து ஆய்வாளருக்கும் கிடைக்காத முதல் அது. அந்தப் பிள்ளைக்குப் புலமைப்பரிசிலும், திறந்து படிக்க அறிக்கைகளும், எழுதினால் வேட்டையாடப்படாத நிலைமையும் வேண்டும். மூன்றையும் கொடுக்கும் அதிகாரம் இப்போது ஒரு மாத்தளைக்காரரின் கையிலேயே இருக்கிறது.