ஊசிக் காயமும் உள்ளக் கலக்கமும்

மூணாற்றிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர் மலைப்பாதையில் சென்றால் வட்டவடை வரும். கேரள எல்லைக்குள் இருப்பினும், பல தலைமுறைகட்கு முன் பாண்டி நாட்டுப் பக்கமிருந்து குடியேறிய தமிழ் மக்களே அங்கு மிகுதி. அவ்வட்டாரத்துப் பூண்டு காரத்திலும் மணத்திலும் பெயர் பெற்றது. 2022-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. அந்தப் பூண்டே அவ்வூரில் வாழும் என் சிற்றன்னையாருக்குத் தீங்காக முடிய இருந்தது.

மார்பகத்தில் சிறு கட்டியொன்று தென்படவே, டாக்டர் அவ்விடத்தை மரக்கச் செய்து, ஊசியால் சிறிது சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். 'பயாப்ஸி' என்பது இதுவே. முடிவு தெரியச் சில நாட்களாகும் என்றனர். வீடு திரும்பிய சிற்றன்னையார் சரியாக உண்ணவுமில்லை, உறங்கவுமில்லை. "ஊசி பட்டால் நோய் உடலெங்கும் பரவிவிடுமே!" என்றார் ஒருவர். "பூண்டை அரைத்துப் பற்றுப் போடு, கட்டி கரைந்துவிடும், மறுபடி ஆஸ்பத்திரி எதற்கு?" என்றார் மற்றொருவர். அன்பினால் சொன்னவைதாம், ஆயினும் இரண்டும் பிழை.

பச்சைப் பூண்டை அரைத்துத் தோலில் கட்டினால், தீச்சுட்டது போலக் கொப்புளம் எழக்கூடும். ரசத்தில் சேரும் பூண்டினால் கேடில்லை. பச்சையாக மிகுதியாகத் தின்பதும், பூண்டு மாத்திரைகளை விழுங்குவதும் இரத்தக் கசிவை அதிகமாக்கக்கூடும். ஊசிப் பரிசோதனையால் நோய் உடலெங்கும் பரவும் என்பதற்கு மருத்துவ ஆதாரமில்லை. மேலும், மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல.

அப்படியாயின் ஆயுர்வேதத்திற்கு இங்கு வேலையில்லையோ எனில், உண்டு. சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் 19-ஆம் அத்தியாயம், புண்பட்டோரைப் பேணும் முறையைச் சொல்வது. துப்புரவான அறை, எளிதில் செரிக்கும் ஆகாரம் ஆகியவற்றை அது விதிக்கிறது. பகலுறக்கம், இரவு விழிப்பு, துயரம், கோபம், அச்சம் ஆகியவற்றை விலக்குகிறது. இனிய கதை பேசும் நண்பர்கள் அருகிருந்து வேதனையை மறக்கச் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. உடற்புண்ணை ஆற்ற உள்ளத்தையும் ஆற்ற வேண்டுமென்பதை அப்பெரியோர் அன்றே உணர்ந்திருந்தனர்!

இதனை நம் இல்லங்களில் நடத்துவது எளிது. முதல் நாளில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, கட்டின்மேல் சிறிது நேரம் ஒற்றியெடுக்கலாம். ஓரிரு நாள் விறகுச் சுமையும் தண்ணீர்க் குடமும் தூக்கலாகாது. அரிசிக் கஞ்சியும் பாசிப்பயறும் நல்ல உணவு. தலைக்கும் பாதத்திற்கும் எண்ணெய் தடவுவது உறக்கத்திற்கு உதவும். காயம் ஆறும்வரை மார்பில் எண்ணெயோ, மஞ்சளோ, பச்சிலையோ வேண்டாம். லேகியம், சூரணம் எதுவாயினும் டாக்டரிடம் சொல்லிய பின்னரே உட்கொள்ள வேண்டும். சிறிது நீலம் பாரித்தல் இயல்பு. காய்ச்சல், சீழ், பெருகும் வீக்கம், நிற்காத இரத்தம் இவற்றில் எது கண்டாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

சிற்றன்னையாரின் அருகே அவர் மகள் இரவெல்லாம் அமர்ந்து ஊர்க்கதை பேசினாள். மூன்றாம் இரவில் அவர் உறங்கினார். குறித்த நாளில் சென்று முடிவைப் பெற்றோம், புற்றுநோயன்று. வேறுவிதமாய் இருந்திருப்பினும், காலத்தே அறிந்ததனால் சிகிச்சைக்கு வழியிருந்திருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும், 1981-இல் ஏற்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் அதற்கென்றே உள்ளவை.

ஆகவே சகோதரிகளே, கஞ்சியும் ஆறுதல் மொழியும் நாம் தருவோம். கட்டி இன்னதென்று சொல்வதைப் பரிசோதனைக்கே விட்டுவிடுவோம். முடிவு வாங்கும் நாளன்று எவரையும் தனியே அனுப்பாதீர்கள்.