சூயிங்கம் மென்றால் பசி அடங்குமா, எடை குறையுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

காலை 11 மணி. திருப்பூர் ராயபுரம், காதர்பேட்டை பக்கம் பனியன் கம்பெனிகளில் டீ வரும் நேரம். பவர் டேபிள் சத்தம் சற்று ஓயும். கூடவே வடையோ, போண்டாவோ, பன்னோ வந்துவிடும்.

மேல்மாடி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு மெர்ச்சண்டைசரை நினைத்துப் பாருங்கள். பையர் மெயில், சாம்பிள், ஷிப்மென்ட் தேதி என்று காலையிலிருந்தே ஓட்டம். காலை டிபன் சாப்பிடவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை என்பதால் இரண்டு வருடத்தில் உடம்பு போட்டுவிட்டது.

"ஏன் கண்ணு, வடை வேண்டாமா?" என்று டீ கொண்டு வரும் அக்கா கேட்கிறார்.

"வேண்டாங்க்கா, டயட்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு சூயிங்கத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்கிறார் அவர்.

'பசிச்சா சூயிங்கம் மெல்லு, எடை தானா குறையும்' என்பது ரீல்ஸிலும் நண்பர்கள் பேச்சிலும் அடிக்கடி கேட்கும் யோசனை. செலவும் குறைவு, கஷ்டமும் இல்லை. ஆனால் இது வேலை செய்யுமா?

மெல்லுவதால் கலோரி எரியுமா?

எரியும். ஆனால் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து, 1999-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதினார்கள். 7 பேருக்குக் கலோரி இல்லாத சூயிங்கம் கொடுத்து, தாளக் கருவியின் வேகத்துக்கு 12 நிமிடம் மெல்லச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதைவிட, மெல்லும்போது மணிக்குச் சுமார் 11 கலோரி கூடுதலாகச் செலவானது. விழித்திருக்கும் நேரம் முழுக்க மென்று, வேறெதையும் மாற்றாமல் இருந்தால் வருடத்துக்கு 5 கிலோவுக்கு மேல் கொழுப்பு குறையலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். இணையத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருப்பது இந்தக் கணக்குதான்.

இதை நம்ம ஊர் டீக்கடைக் கணக்கில் பார்ப்போம். ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம், அதாவது 40 கலோரி. அதை மட்டும் மென்றே எரிக்க மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பால் கணக்கு தனி. ஒரு வடையை 100 கலோரி என்று வைத்தாலும், அதற்கு இன்னும் ஒன்பது மணி நேரம். ஒன்றரை ஷிப்ட் முழுக்க மென்றாலும் ஒரு டீ, ஒரு வடைக்கே சரியாகிவிடும்.

இதில் சூயிங்கத்திலேயே இருக்கும் கலோரியையும் சேர்க்க வேண்டும். சர்க்கரை சேர்த்த சூயிங்கம் ஒன்றில் சுமார் 10 கலோரி, சுகர் ஃப்ரீ என்றால் 5 கலோரி அளவில் இருக்கும்.

சரி, பசியாவது அடங்குமா?

கொஞ்ச நேரத்துக்கு அடங்கலாம். இங்கிலாந்தில் 60 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2007-ல் 'அப்பெடைட்' இதழில் வெளியானது. மதிய உணவுக்கும் மாலை நொறுக்குத்தீனிக்கும் இடையில் சூயிங்கம் மென்றவர்களுக்குப் பசி உணர்வும் இனிப்பு மேல் ஆசையும் குறைந்தன. ஆனால் அவர்கள் குறைத்துச் சாப்பிட்டது சுமார் 40 கலோரிதான். முன்பு பார்த்த அதே இரண்டு ஸ்பூன் சர்க்கரை.

இந்த ஆய்வில் இருந்தவர்கள் மதியம் சாப்பிட்டவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு வரும் 'வாய் நமநமப்பு' வேறு, வெறும் வயிற்றுப் பசி வேறு. முன்னதைச் சூயிங்கம் சமாளிக்கலாம். பின்னதை ஏமாற்ற முடியாது.

மெல்லத் தொடங்கினாலே 'சாப்பாடு வருகிறது' என்ற தகவல் மூளை வழியாக வயிற்றுக்குப் போகிறது. எச்சில் ஊறும், செரிமான நீர் சுரக்கும், குடல் அசையத் தொடங்கும். சிசேரியன் போன்ற அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் குடல் இயக்கம் சீக்கிரம் திரும்ப சூயிங்கம் உதவுமா என்று மருத்துவ உலகம் ஆராய்ந்ததும் இதனால்தான். காலையில் எதுவும் சாப்பிடாமல் மெல்லும்போது வயிறு தயாராகிவிடும், சாப்பாடு மட்டும் வராது.

விட்ட சாப்பாடு திரும்பி வரும்

2013-ல் 'ஈட்டிங் பிஹேவியர்ஸ்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு இன்னொரு விஷயத்தைக் காட்டியது. சாப்பாட்டுக்கு முன் சூயிங்கம் மென்றவர்கள் சாப்பிட்ட வேளைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் அன்றைய மொத்தக் கலோரி குறையவில்லை. சாப்பிட்ட வேளைகளில் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டார்கள். உணவின் தரமும் குறைந்தது. புதினா சுவை சூயிங்கம் மென்றவர்களுக்குப் பழம் சாப்பிடும் ஆசையும் குறைந்தது. பல் தேய்த்த உடனே ஆரஞ்சு சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

பகல் முழுக்க 'கன்ட்ரோலாக' இருந்துவிட்டு, ராத்திரி 9 மணிக்கு மேல் பரோட்டாக் கடையில் உட்காரும் கதையும் இதேதான்.

எடை குறைந்ததா, இல்லையா?

இதை நேரடியாகச் சோதித்தது அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகம், பர்மிங்ஹாம். அதிக எடை கொண்ட 201 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரு குழுவுக்கும் சத்துணவு பற்றிய கையேடு கொடுக்கப்பட்டது. ஒரு குழு மட்டும் தினமும் குறைந்தது 90 நிமிடம் சூயிங்கம் மென்றது. 8 வாரம் கழித்துப் பார்த்தபோது, இரு குழுவுக்கும் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2012-ல் வெளியான இந்த முடிவு ரீல்ஸில் அதிகம் வருவதில்லை.

எடை குறைந்த இருவரின் கதை

சூயிங்கத்தால் எடை குறைந்ததற்கு மருத்துவப் பதிவும் இருக்கிறது. ஆனால் அது யாரும் விரும்பும் வழி இல்லை.

ஜெர்மனி மருத்துவர்கள் 2008-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 21 வயதுப் பெண் 11 கிலோ இழந்திருந்தார். 46 வயது ஆண் 22 கிலோ இழந்திருந்தார். இருவருக்கும் தொடர்ந்து வயிற்றுப்போக்கு. பல பரிசோதனைகளுக்குப் பிறகு, இருவரும் தினமும் ஏராளமான சுகர் ஃப்ரீ சூயிங்கம் மெல்வது தெரியவந்தது. அதிலிருந்த சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி அந்தப் பெண்ணுக்கு நாளுக்கு 20 கிராம் வரையிலும், சூயிங்கத்தோடு மிட்டாயும் சாப்பிட்ட அந்த ஆணுக்குச் சுமார் 30 கிராமும் உள்ளே போயிருந்தது.

சார்பிட்டால் குடலில் முழுதாக உறிஞ்சப்படாது. அது தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். கொஞ்சம் என்றால் வயிறு உப்புசம், அதிகமானால் பேதி. சார்பிட்டாலை நிறுத்தியதும் இருவருக்கும் பேதி நின்றது, எடையும் ஏறத் தொடங்கியது. இந்தியாவில் விற்கும் சுகர் ஃப்ரீ பாக்கெட்டுகளிலும் இதற்கான எச்சரிக்கை வரி பொடி எழுத்தில் இருக்கும். அடுத்த முறை திருப்பிப் பாருங்கள்.

உலக சுகாதார அமைப்பும் 2023 மே மாதம், எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அஸ்பார்டேம், சுக்ரலோஸ் போன்றவை அதில் அடங்கும். சார்பிட்டால், சைலிட்டால் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்போ சூயிங்கமே வேண்டாமா?

அப்படியும் இல்லை. சாப்பிட்ட பிறகு சுகர் ஃப்ரீ சூயிங்கத்தை 20 நிமிடம் மென்றால் எச்சில் ஊறி, பல் சொத்தைக்குக் காரணமான அமிலத்தைக் குறைக்கும். மதியச் சாப்பாடு முடிந்து, பசி இல்லாமலே ஸ்வீட் தேடும் நேரத்தில் ஒன்று மெல்வதில் தவறில்லை. நாளுக்கு ஒன்று, இரண்டு போதும். கூடுதலாகத் தேவைப்படும் கவனம் இதோ:

- தாடை மூட்டு வலி, காதுக்கு முன்னால் 'கிளிக்' சத்தம் இருந்தால் மெல்வதைத் தவிர்க்கவும்.
- அடிக்கடி வயிறு உப்புசம், பேதி வருகிறவர்கள் பாக்கெட்டில் சார்பிட்டால், மால்டிட்டால் இருக்கிறதா என்று பார்க்கவும்.
- மருந்துக்கடையில் கிடைக்கும் நிக்கோடின் சூயிங்கம் புகை, புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கான மருந்து. பசியைக் குறைக்க அதைத் தொடவே கூடாது.
- பசியை அடக்க நாள் முழுக்க மெல்ல வேண்டியிருக்கிறது, சாப்பிடவே பயமாக இருக்கிறது என்றால், அதை டயட் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் பேசவும்.

கணக்கு எங்கே இருக்கிறது?

2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது உடல்பருமன் கொண்டவர்கள். எடையைப் பற்றி ராயபுரத்து இளைஞர் கவலைப்படுவது நியாயம்தான். தேர்ந்தெடுத்த வழிதான் தப்பு.

ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பவர், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்தால் 80 கலோரி மிச்சம். அதே 80 கலோரியைச் சூயிங்கம் மென்று எரிக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் இரண்டு இட்லியோ, ஒரு தட்டு சுண்டலோ சாப்பிட்டு வந்தால் 11 மணிக்கு வடை மேல் இவ்வளவு ஆசையும் வராது, ராத்திரி பரோட்டாவும் அத்தனை அவசரமாக இறங்காது.

இனி டீ வரும்போது "அக்கா, ஒரு ஸ்பூன் கம்மியாப் போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சூயிங்கத்தைவிட அது அதிகம் வேலை செய்யும்.