கருவியைத் தொடாத கைகள்

துருப்பிடித்தலும் ஒட்டுந்திறனும் வினையூக்கமும் ஒரு பொருளின் மேற்பரப்பில் சில நானோமீட்டர் கனத்துக்குள்ளேயே நிர்ணயமாகிவிடுகின்றன. ஆகவே, பொருளறிவியல் கற்பிக்கும் நமது சர்வகலாசாலைகள் எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலைமானி ஒன்றையேனும் சொந்தமாக்கிக்கொள்ள விழைவதும், அதற்கெனப் பல கோடி ரூபாய் மானியம் கோரி விண்ணப்பிப்பதும் இயல்பே. சுவீடனின் உப்சாலாவில் வளர்ந்து 1981-ல் நோபல் பரிசு பெற்றுத்தந்த இந்த முறை, பெரும்பாலும் அலுமினியத்தின் 1486.6 எலக்ட்ரான்வோல்ட் கதிரை மாதிரியின்மீது செலுத்தி, வெளிப்படும் எலக்ட்ரான்களின் சக்தியைக் கொண்டு, பரப்பில் எந்தத் தனிமம் எந்த ரசாயன நிலையில் இருக்கிறதென்று அறிவிக்கிறது.

இக்கருவியின் உயிர் வெற்றிடத்தில் இருக்கிறது. ஒரு டார் அழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வாயு எஞ்சியிருந்தாலும், சுத்தமான பரப்பை அது ஏறக்குறைய ஒரே விநாடியில் ஓர் அடுக்காக மூடிவிடக்கூடும். இன்னும் ஆயிரம் மடங்கு குறைத்தால்தான் கால்மணி நேர அவகாசமேனும் கிட்டும். அதற்காகக் கருவியின் வெற்றிடக் கலத்தையே நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றிச் சுவர்களில் ஒட்டிய நீராவியை வெளியேற்ற வேண்டும். பம்புகள் இரவுபகலாய் ஓட வேண்டும். மின்சாரம் தடைப்படும் வேளையில் செய்ய வேண்டியதை அறிந்த ஒருவர் அருகில் இருக்கவும் வேண்டும். கருவிக்குப் பணம் ஒதுக்குவோர் அந்த ஒருவருக்குரிய நிரந்தரப் பதவியை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

ஆயினும் என் நெஞ்சை உறுத்தும் கவலை வேறு. ஒரே கருவியைப் பலரும் பகிர்ந்தால் செலவு குறையும் என்பாரது வாதத்தில் நியாயமுண்டு. எனினும், மாதிரியை உறையிலிட்டு அனுப்பி, கட்டணம் செலுத்தி, வரைபடத்தை மட்டும் பெற்றுக்கொள்ளும் ஆராய்ச்சி மாணவர், அதிலுள்ள கார்பன் சிகரம் பெரும்பாலும் காற்றிலிருந்து படிந்த அழுக்கினுடையது என்பதையோ, அதையே 284.8 எலக்ட்ரான்வோல்ட்டில் நிறுத்தி ஏனைய சிகரங்களைத் திருத்துவதிலுள்ள ஐயப்பாட்டையோ எங்ஙனம் உணர்வார்? ஒரு மேட்டுக்கு அடியில் எத்தனை சிகரங்கள் கேட்டாலும் மென்பொருள் பொருத்திக் கொடுத்துவிடும். உலோக ஆக்ஸைடுகளில் 531 எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டி எழும் தோளை ‘ஆக்ஸிஜன் காலியிடம்’ என்று எழுதும் வழக்கம் எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளில் பரவிக் கிடக்கிறது. அணுவே இல்லாத இடம் எலக்ட்ரானை எவ்வாறு உமிழும்? அத்தோள் பெரும்பாலும் பரப்பில் படிந்த ஹைட்ராக்ஸிலுக்கும் கார்பனேட்டுக்கும் உரியது. கலத்துக்குள்ளேயே மாதிரியைச் சூடேற்றி, அத்தோள் தேய்வதைத் தம் கண்ணால் கண்ட மாணவர் அந்தப் பிழையை எளிதில் செய்யமாட்டார்.

ஆகையால் கொள்முதல் குழுவினர், டெண்டரைத் திறக்குமுன், கருவியை இயக்குவோர் யார், பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வரும், வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவருக்கு என்பவற்றை எழுத்தில் உறுதிசெய்தல் வேண்டும். கருவி வாங்கும் அதே ஆண்டில், நீர்த்துளி பரப்பில் அமரும் கோணத்தை அளக்கும் எளிய அமைப்பொன்றையும், சிறிய அணுவிசை நுண்ணோக்கி ஒன்றையும் முதுகலை வகுப்புக்கென்றே வாங்கித் தருதல் வேண்டும். நுண்ணோக்கியின் முனையை மாணவர் தாமே மாற்றிப் பழகட்டும். பழகுகையில் சில முறிந்தாலும் முறியட்டும், அவற்றின் விலை கருவியின் விலையோடு ஒப்பிட அற்பமே.