பேராதனை பக்கத்தில்தான், வெட்டுப்புள்ளி எங்கே? கண்டியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் பல்கலைக்கழக வாய்ப்பு

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் காலங்களில் கண்டியில் நான் சந்திக்கும் பெற்றோர் பலரிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது. போர்க்காலத்தில் வன்னியில் இருந்து வந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கம் குடியேறிய ஒரு தாயார் அதை நேராகவே கேட்டார்: "தம்பி, மகளை முல்லைத்தீவில் என்ர அக்கா வீட்டில விட்டுப் படிப்பிச்சால், குறைஞ்ச புள்ளியோட பேராதனைக்குப் போகலாமாமே?"

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. அனுமதி முறை எப்படி இயங்குகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் சித்தியடைய வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் தேவை. ஆனால் தகுதி வேறு, அனுமதி வேறு. அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளி.

ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியில் இருந்து நாடு முழுவதற்குமான சராசரியைக் கழித்து, வருவதை நியமவிலகலால் வகுப்பார்கள். சராசரி 45, நியமவிலகல் 15 என்றுள்ள பாடத்தில் 75 எடுத்தவருக்கு 2 கிடைக்கும். சராசரி 30, நியமவிலகல் 20 என்றுள்ள கடினமான பாடத்தில் 60 எடுத்தாலே 1.5 வரும். சராசரி 50, நியமவிலகல் 10 என்றால் 65க்கும் அதே 1.5தான். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.6667. அதுவே அந்த மாணவரின் இசட் புள்ளி. எத்தனை 'ஏ' என்பதை விட, மற்றவர்களை விட எவ்வளவு முன்னே நிற்கிறார் என்பதே இங்கு கணக்கு. 2001 முதல் நடைமுறையில் உள்ள இந்த முறையை முன்மொழிந்தவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில்.

அடுத்தது மாவட்டம். மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படுகிறது. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. வடக்கின் ஐந்து மாவட்டங்களும், கிழக்கின் மூன்றும், நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உள்ளன. கண்டி இல்லை.

ஒரு கற்கைநெறிக்கு 1000 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 2012 கணக்கெடுப்பின்படி கண்டி மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 13 இலட்சத்து 75 ஆயிரம். மாவட்டப் பங்காக ஏறத்தாழ 37 இடங்கள் வரும். முல்லைத்தீவின் சனத்தொகை சுமார் 92 ஆயிரம். பின்தங்கிய மாவட்டத்துக்கான பங்கையும் சேர்த்தாலும் மூன்று இடங்கள்தான். அங்கே வெட்டுப்புள்ளி குறைவாக இருப்பது போட்டியிடுவோர் குறைவு என்பதால்தான். இடங்கள் கொட்டிக் கிடப்பதால் அல்ல. வெளியில் இருந்து ஒரு பிள்ளை போய் அங்கு தோற்றினால், போரில் பாடசாலையையே இழந்து மீண்டு வந்த ஊர்ப் பிள்ளையின் இடம்தான் பறிபோகும். நுவரெலியாவுக்கு வெளிமாவட்ட மாணவர் வந்து தோற்றுவதை மலையகத்தவர் பல காலமாக எதிர்ப்பதும் இதனால்தான்.

இதைத் தடுக்கவே பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் உள்ளது என்று பார்க்கிறார்கள். கடைசி ஆண்டில் இடம் மாறுவதால் பயன் இல்லை. அந்தத் தாயாருக்கு நான் சொன்னதும் இதுதான்: நிரந்தரமாக ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் குடும்பத்தோடு போங்கள், புள்ளிக்காக மட்டும் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள்.

மாவட்ட முறை நமக்குப் பழைய காயத்தையும் நினைவூட்டும். 1970களின் தொடக்கத்தில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 227 போதுமாக இருந்தது. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. தமிழ் இளைஞரின் கோபத்துக்கு அந்தத் தரப்படுத்தல் ஒரு முக்கிய காரணம். 1977 ஆட்சி மாற்றத்தின் பின் மொழிவழித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு மட்டும் வெவ்வேறு விகிதங்களில் தொடர்ந்தது. அன்று யாழ்ப்பாண மாணவரைப் பாதித்த மாவட்ட ஒதுக்கீடு, போருக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் மாவட்டம் என்பது சீரான ஒன்றல்ல. கண்டியில் திரித்துவக் கல்லூரி, தர்மராஜ, மஹாமாயா போன்ற பெயர்பெற்ற பாடசாலைகள் உள்ளன. ரியூசன் வகுப்புகளுக்கும் குறைவில்லை. கலஹா, தெல்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளையும் அவர்களோடு ஒரே வெட்டுப்புள்ளியில் போட்டியிட வேண்டும். கலஹா வீதி பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளால்தான் போகிறது. பஸ் யன்னலால் தினமும் வளாகத்தைப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் பாடசாலையில் தமிழில் பௌதிகவியல் படிப்பிக்க ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம். மலையைத் தாண்டி நுவரெலியாவில் அதே லயத்து வாழ்க்கை வாழும் பிள்ளைக்கு உள்ள 5 வீதச் சலுகையும் இவருக்கு இல்லை. வலய மட்டத்தில் பின்தங்கிய பாடசாலைகளை அடையாளம் காணாதவரை இந்த அநீதி தீராது என்பதே என் கருத்து.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு. சாதாரண தரம் முடிந்தவுடனேயே, தெரிவு செய்யும் பாடசாலையில் மூன்று பாடங்களுக்கும் தமிழ்மொழி ஆசிரியர் இருக்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் முந்திய ஆண்டுகளின் கண்டி மாவட்ட வெட்டுப்புள்ளிகளைப் பாருங்கள். மருத்துவம், பொறியியல் என்று இரண்டோடு நிற்காமல் விவசாயம், விலங்கு மருத்துவம், இணைந்த சுகாதார விஞ்ஞானம் போன்றவற்றையும் விருப்ப ஒழுங்கில் எழுதுங்கள்; எழுதாத கற்கைநெறிக்கு எவ்வளவு புள்ளி இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். மூன்று தடவைகள் வரை தோற்ற முடியும். முதல் தடவை தவறியதற்காக உடனே ஆடைத் தொழிற்சாலைக்கோ கொழும்புக் கடைக்கோ பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள். இன்னும் ஒரு வருடம் வீட்டில் வைத்துப் படிப்பிக்க முடிந்தால், அந்த வருடம் வீண் போகாது.