மழையில் பைக் நின்றால் சி.டி.ஐ. மீது பழி போடாதீங்க! புதுசு வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

நெல்லை,

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்த பிறகு புது மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் பியூயல் இஞ்செக்‌ஷனுக்கு மாறி விட்டன. ஆனால் நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பை வட்டாரங்களில் கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியை நம்பித்தான் இன்னும் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. வாழைத்தார் கட்டி வருபவர், பால் கேன் தொங்க விட்டு போகிறவர், சிமெண்டு வேலைக்கு போகிற கொத்தனார் என்று எல்லோருக்கும் வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போச்சு.

இப்படி வண்டி நின்றதும் முதலில் காதில் விழுகிற வார்த்தை, "சி.டி.ஐ. போச்சு அண்ணாச்சி" என்பதுதான். அதை கேட்டதும் கடைக்கு ஓடி புதுசு வாங்குகிறோம். பல நேரம் அந்த காசு தண்டம். அதன் விவரம் வருமாறு:-

சி.டி.ஐ. என்றால் என்ன?

சைடு கவருக்குள்ளோ, டேங்க் அடியிலோ தீப்பெட்டி போல இருக்கும் கறுப்பு பெட்டிதான் சி.டி.ஐ. உள்ளே ஒரு மின்தேக்கி இருக்கிறது. அதில் சில நூறு வோல்ட் மின்சாரம் சேர்ந்து நிற்கும். மேக்னட் பக்கத்தில் உள்ள பல்சர் காயில் "இப்போ விடு" என்று சிக்னல் கொடுத்ததும், சேர்ந்த மின்சாரம் மொத்தமாக இக்னிஷன் காயிலுக்கு பாயும். அங்கே அது பல ஆயிரம் வோல்ட்டாகி பிளக்கில் தீப்பொறியாக வெடிக்கிறது.

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு சற்று முன்பே பொறி விழ வேண்டும். பெட்ரோல் எரிந்து முடிக்க நேரம் வேண்டுமே! என்ஜின் நிமிடத்துக்கு 6 ஆயிரம் சுற்று ஓடும்போது, ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கிராங்க் 36 டிகிரி திரும்பி விடும். அதனால் வேகம் கூட கூட பொறி முன்னதாக விழ வேண்டும். இதை 'அட்வான்ஸ்' என்பார்கள். ஒரு சி.டி.ஐ.க்கும் இன்னொன்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இந்த அட்வான்ஸ் கணக்குதான். விலை சீட்டிலோ, பெட்டியின் கலரிலோ அது தெரியாது.

வெள்ளத்தில் கற்ற பாடம்

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18-ந்தேதிகளில் கொட்டிய மழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டி மீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன் பஸ் நிலைய பகுதியை மூழ்கடித்தது. தெருவில் நின்ற பைக்குகள் ஹேண்டில்பார் வரை தண்ணீருக்குள் கிடந்தன.

என் பழைய ஸ்பிளெண்டரும் அதில் ஒன்று. ஆயில் மாற்றி, டேங்கை கழுவி, எவ்வளவு உதைத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு கடையில் புது சி.டி.ஐ. மாட்டினேன். அப்பவும் பொறி வரவில்லை. கடைசியில் பார்த்தால் சாவி சுவிட்சுக்குள் சேறு!

அந்த மாடல் வண்டிகளில் சாவியை மூடினால் சி.டி.ஐ.யின் ஒரு வயரை பாடியோடு எர்த் ஆக்கித்தான் என்ஜினை நிறுத்துவார்கள். சுவிட்சுக்குள் ஈரம் இருந்தால் சாவி போட்டாலும் எர்த் ஆகி பொறி செத்து விடும். ஹீரோ ஹோண்டா வண்டிகளில் பெரும்பாலும் அது கறுப்பில் வெள்ளை கோடு போட்ட வயர். அதை கழற்றி விட்டு உதைத்ததும் வண்டி கிளம்பியது. (ஆனால் சாவியை திருப்பினால் நிற்காது. கியர் போட்டு, பிரேக் பிடித்து, கிளட்சை விட்டுத்தான் அணைத்தேன். பதறி விட்டேன் என்பது வேறு கதை.)

உண்மையில் சி.டி.ஐ. பெட்டிக்குள் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். அவ்வளவு சீக்கிரம் தண்ணீர் புகாது. கெட்டுப்போவது அதன் கனெக்டர் பின்கள். பச்சை பூத்திருந்தால் சுரண்டி துடைத்தாலே பாதி வண்டிகள் ஓடும். பிறகு பிளக் கேப், பிளக் வயர், பல்சர் காயில் என்று பாருங்க. பழைய 100 சி.சி. 4 ஸ்டிரோக் வண்டிகளில் பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லி மீட்டர் இருந்தால் போதும். இத்தனையும் சரி என்றால், அதே மாடல் ஓடுகிற வண்டியில் இருந்து சி.டி.ஐ.யை 5 நிமிடம் கடன் வாங்கி மாட்டி பாருங்க. அதில் பொறி வந்தால்தான் உங்களுடையது போச்சு என்று அர்த்தம்.

ஏ.சி.யா, டி.சி.யா?

வாங்குவது என்று முடிவானால் முதல் கேள்வி இதுதான். ஏ.சி. சி.டி.ஐ. மேக்னட் காயிலில் இருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும். பேட்டரி செத்தாலும் உதைத்தால் ஓடும். டி.சி. சி.டி.ஐ. பேட்டரியின் 12 வோல்ட்டை உள்ளேயே ஏற்றிக்கொள்ளும். பேட்டரி இல்லை என்றால் பொறியும் இல்லை. ஸ்பிளெண்டரிலேயே பழைய மாடல் ஒரு விதம், பின்னால் வந்த மாடல் வேறு விதம். "ஸ்பிளெண்டருக்கு ஒன்னு கொடுங்க" என்று கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். வண்டி வருடத்தை சொல்லுங்க. பழையதை கழற்றி கையில் கொண்டு போய் பின் எண்ணிக்கை, வயர் கலர் வரிசையை ஒத்து பாருங்க. கனெக்டர் பொருந்துகிறது என்பதால் உள்ளே வயர் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை.

பல்சர் டி.டி.எஸ்.ஐ. (2003-ல் வந்தது) வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். அதில் 2 பிளக். ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை பார்த்து பொறி நேரத்தை மாற்றும் 'டிரிக்ஸ்-3' ஏற்பாடும் உண்டு. அந்த வயருக்கு இடமே இல்லாத மலிவு சி.டி.ஐ. மாட்டினால் வண்டி ஓடும். ஆனால் மைலேஜ் அடி வாங்கும்.

'ரேஸ்' சி.டி.ஐ. மோகம்

ஆர்.எக்ஸ்.100 வைத்திருக்கும் நம்ம பசங்களுக்கு இது. "லிமிட் இல்லாதது" என்று விற்கும் சி.டி.ஐ. உச்ச வேகத்தில் என்ஜினை இன்னும் சுற்ற விடும், அவ்வளவுதான். கார்புரேட்டர், போர்ட், சைலன்சர் எல்லாம் பழையபடி இருந்தால் மேலே இழுக்க தெம்பு இருக்காது.

அட்வான்ஸ் அளவுக்கு மீறினால் ஆபத்து. அது சமதளத்தில் தெரியாது. பாபநாசத்தில் இருந்து காரையாறு மலை ஏறும்போது, ஆள் ஏற்றி, குறைந்த வேகத்தில் முழு ஆக்சிலேட்டர் முறுக்கினால் 'கிணுகிணு' என்று சத்தம் வரும். அதை காதில் வாங்காமல் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். மாறாக பொறி தாமதமாக விழுந்தால் இழுவை குறையும், சைலன்சர் கொதிக்கும், பெட்ரோல் குடிக்கும்.

டியூனிங் எப்படி?

கையால் திருகி, காதால் கேட்டு டைமிங் வைப்பது பிளாட்டினா பாயிண்ட் காலத்து பழக்கம். இப்போ டைமிங் லைட் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பை தேடி போங்க. பிளக் வயரில் கிளிப்பை மாட்டி, மேக்னட் கவரில் உள்ள ஓட்டை வழியாக வெளிச்சம் அடித்தால், ஐடிலில் 'எப்' கோடு கவரில் உள்ள அடையாளத்துக்கு நேராக நிற்க வேண்டும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் அந்த கோடு நகர்ந்து அட்வான்ஸ் கோடு அந்த இடத்துக்கு வரணும். நகரவே இல்லை என்றால் நீங்க வாங்கிய பெட்டிக்குள் அட்வான்ஸ் கணக்கே இல்லை. திருப்பி கொடுத்து விடலாம்.

அடுத்து கார்புரேட்டர். என்ஜின் சூடானதும் ஏர் ஸ்குருவை மெல்ல திருப்பி, ஐடில் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, பிறகு ஐடில் ஸ்குருவை குறைக்க வேண்டும். இப்போ பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதனால் பழைய ஜெட் வைத்த வண்டிகளில் கலவை சற்று மெலிந்து போகும். பத்து, பதினைந்து கிலோ மீட்டர் ஓட்டி விட்டு பிளக்கை கழற்றி பாருங்க. காபித்தூள் நிறம் என்றால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் அதே நிலையில் மலை ஏற வேண்டாம். முதலில் கலவையை சரி செய்யணும்.

கழற்றிய பழைய சி.டி.ஐ.யை தூக்கி எறிய வேண்டாம். அது நல்ல நிலையில் இருந்தால் பிளாஸ்டிக் கவரில் சுற்றி டூல்ஸ் பையில் போட்டு வையுங்க. ராத்திரி சேரன்மகாதேவி ரோட்டில் வண்டி நின்றால், மாட்டி பார்த்து வீடு வந்து சேர அது ஒன்றுதான் கையில் இருக்கும்.