மறுபடியும் வண்டியில் ஏறலாமா?

மும்பையில் நடுநிசிக்குப் பிறகு லோக்கல் வண்டிகள் ஓய்ந்துவிடும். விடியற்காலை நாலு மணி சுமாருக்குத்தான் மறுபடி கிளம்பும். அந்த முதல் வண்டிக்கு டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா எந்த வண்டியில் வேலைக்கு வருகிறான் என்று பயணிகள் யாரும் யோசிப்பதில்லை. நான் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். பதினோரு வருஷம் போனேன்.

2023 ஜூன் கடைசி வாரத்தில் ஒரு நாள் போய்ச் சேரவில்லை.

மழை அப்போதுதான் தொடங்கியிருந்தது. வெயில் காலம் முழுவதும் சாலையில் சிந்திய எண்ணெய் முதல் மழையில் மிதந்து வந்து வழுக்கும். இது வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செம்பூரிலிருந்து சயான் போகும் சாலையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. வலது காலால் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்துப் போயிற்று. வண்டி என் வலது கால் மேல் விழுந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

பால் வண்டிக்காரர்கள் இருவர் தூக்கி உட்கார வைத்தார்கள். "போலீஸ் கேஸாகுமே" என்று ஒருவர் தயங்கினார். அந்தத் தயக்கம் இப்போது தேவையில்லை. விபத்தில் உதவுகிறவர் மீது அதற்காக வழக்கு வராது; பெயர், விலாசம் சொல்லவேண்டும் என்று வற்புறுத்தவும் கூடாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் இது இருக்கிறது. நம்மவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. பெரிய எலும்புக்குள் கம்பி செலுத்தினார்கள். ஹெல்மெட்டின் வலது பக்கம் தேய்ந்திருந்தது, தலை தப்பியது. வீட்டில் அதைத் துடைத்து அலமாரி மேல் வைத்திருந்தார்கள். ஒரு முறை அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே உள்ள தெர்மோகோல் நசுங்கியிருக்கும், இரண்டாவது அடியைத் தாங்காது என்று சொல்லி நான்தான் தூக்கிப் போடச் சொன்னேன். என் மனைவிக்கு மனசே இல்லை.

பணம் வருமா?

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, "இன்சூரன்ஸ் வருமா?" என்பதுதான். பாலிசியோடு வண்டிச் சொந்தக்காரருக்கு 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு உண்டு. ஆனால் அது உயிர் போனால், கை கால் கண் போனால். முறிந்து கூடிவிடும் எலும்புக்கு அதில் காசு கிடையாது. வேறு வண்டி எதுவும் மோதவில்லை என்பதால் எதிர்த்தரப்பு என்று கேட்கவும் ஆளில்லை. மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாத கேஸ்களில், 2022 ஏப்ரல் முதல் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் உண்டு. 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, கையிலிருந்து கட்டாமல் சிகிச்சை உண்டு.

நான் ரயில்வேக்காரன் என்பதால் சிகிச்சைக்கு வழி இருந்தது. சேர்த்து வைத்த எல்.ஏ.பி. கரைந்து, அரைச் சம்பள விடுப்பிலும் கை வைத்தேன். டிசம்பரில் ஃபிட் சர்டிபிகேட் வாங்கி வேலையில் சேர்ந்தேன். பகல் ஷிப்ட் கொடுத்தார்கள். அதற்குள் வலது தொடை இடது தொடையில் பாதி போல் ஆகியிருந்தது. மேம்பாலப் படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று பிஸியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தார். தினம் ஆயிரம் பேருக்கு டிக்கெட் கொடுத்த எனக்கு, அந்தப் பாலத்தில் எத்தனை படி என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏறுவதா, விற்பதா?

பகல் ஷிப்ட் நிரந்தரமல்ல. மார்ச்சில் விடியற்காலை ஷிப்ட் திரும்ப வரும். வண்டியை என்ன செய்வது?

"வித்துடுங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் கதவையே பார்த்துட்டு உட்கார முடியாது" என்றாள் மனைவி. ஊரிலிருந்து மாமியாரும் போனில் அதையே சொன்னார். நான் பயப்படவில்லை என்று இருவரிடமும் சொன்னேன். அது பொய். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது டிரைவர் பிரேக் போட்டால்கூட என் வலது பாதம் தானாகத் தரையை அழுத்தும்.

தாராவியில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு கொடுக்கிறவன், அதே ஆண்டு மணிக்கட்டை முறித்துக்கொண்டான். கட்டுப் பிரித்த நாலாம் நாள் வண்டியில் ஏறிவிட்டான். "யோசிக்க எனக்கு எங்கண்ணே லீவு இருக்கு? வண்டிக்குத் தவணை நிக்குதே!" என்றான். ஏறலாமா வேண்டாமா என்று யோசிப்பதே மாதச் சம்பளக்காரனுக்குக் கிடைக்கிற சலுகை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

என் வண்டி 2012 மாடல், 100 சி.சி. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கிற புது வண்டிகளில், 125 சி.சி.க்கு மேல் என்றால் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் ஏற்பாடாவது கட்டாயம். என்னுடையதில் இரண்டும் இல்லை.

வண்டியை மூன்று பேருக்கு விலை பேசினேன். கடைசியில் தாராவி தொண்ணூறடி ரோட்டு மெக்கானிக் ஒருவர்தான் கேட்கவேண்டியதைக் கேட்டார்: "அண்ணே, முன் பிரேக்கைத் தொட்டீங்களா?"

தொடவில்லை. அன்று மட்டுமல்ல, பதினோரு வருஷமும் தொட்டதில்லை. முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய் என்று ஊரில் வண்டி கற்றுக்கொடுத்த சித்தப்பா சொன்னது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது. வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் சக்கரத்துக்குத்தான். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தவேண்டும். ஈரத்தில் இன்னும் மெதுவாக. நாய் மேலும் மழை மேலும் போட்டிருந்த பழி அன்று என் மேல் வந்து நின்றது. ஆனால் ஒரு நிம்மதியும் வந்தது. விழுந்தது விதியால் என்றால் வண்டியை விற்பதைத் தவிர வழியில்லை. பழக்கத்தால் என்றால் மாற்றிப் பார்க்கலாம்.

2024 பிப்ரவரியில் எங்கள் காலனிச் சந்தில் தொடங்கினேன். முதல் ஒரு வாரம் எஞ்சினைக் கிளப்பவே இல்லை. ஸ்டாண்ட் எடுத்து உட்கார்ந்து, ஃபுட்ரெஸ்டிலிருந்து பிரேக்குக்குப் பாதத்தை மாற்றி மாற்றிப் பழகினேன். நூறு கிலோவுக்கு மேல் உள்ள வண்டி வலது பக்கம் சாய்ந்தால் கால் தாங்குமா என்றும் பார்த்தேன். கணுக்கால் மடங்க இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய் இரண்டு பிரேக்கும் பிடித்து நிற்பது. திரும்பி வந்து மறுபடி அதே. காலனிப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

இப்போது ஓட்டுகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் வண்டி மூடிக் கிடக்கும். விடியற்காலை ஷிப்ட் இருந்தால் முந்தின இரவு கடைசி லோக்கலில் போய் ஸ்டேஷனிலேயே படுத்துக்கொள்வேன். கொசுக்கடி உண்டு.

மும்பையில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2022-ல் போலீஸ் அறிவித்திருந்தார்கள். எனக்குப் புது ஹெல்மெட் வாங்கியபோது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து மனைவிக்கும் ஒன்று வாங்கினேன். அது இன்னும் உறை பிரிக்காமல் இருக்கிறது. போன வாரம் மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு இருவரும் பஸ்ஸில்தான் போனோம்.