ஒருமுறை வரைந்த ஓவியம்

அசைபடத்தில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுமாயின், அனைத்தையும் தனித்தனியே வரைவதற்கு நிமிடத்திற்கு 1,440 ஓவியங்கள் வேண்டும். இப்பெருஞ்சுமையைக் குறைக்கும் வழியை, 1996இல் பியூச்சர்ஸ்பிளாஷ் என வெளிவந்து, பின்னர் ஃபிளாஷ் ஆகி, 2016இல் அடோபி அனிமேட் எனப் பெயர் மாறிய மென்பொருளில் காணலாம்.

வரைந்த உருவைத் தெரிவு செய்து எஃப்8 விசையை அழுத்தினால், அது ‘சிம்பல்’ ஆகி நூலகத்தில் சேரும். அங்கிருந்து வேண்டிய மட்டும் மேடைக்கு இழுத்து வரலாம். வருவது மூலமன்று, அதன் படியே. பகுதி நிலைத்து நிற்க, விகுதியும் இடைநிலையும் வேறுபடுவதைப் பதவியலில் பயின்ற மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். படியின் அளவு, சாய்வு, நிறம் மாறினும் மூலம் மாறாது. மூலத்தைத் திருத்தினாலோ எல்லாப் படிகளும் அக்கணமே திருந்தும்.

இடர்ப்பாடும் இங்கேதான் உள்ளது. ஒரு பறவைக்கு மட்டும் சிறகை மடக்க எண்ணி, அதனை இருமுறை சொடுக்கித் திருத்துவோர், கூட்டம் முழுவதும் சிறகு மடக்கக் காண்பர்! அப்பறவையின் சிம்பலை முதலில் நகலெடுத்து, அந்நகலையே திருத்துதல் வேண்டும்.

பேசும் பாத்திரத்திற்கு இம்முறை பெரிதும் உதவும். வாயின் பல வடிவங்களை ஒரே கிராஃபிக் சிம்பலுக்குள் வரிசையாக அமைத்துவிட்டால், ஒலிக்கேற்ற வடிவைத் தேர்ந்து நிறுத்தலாம். மீண்டும் தூரிகை எடுக்க வேண்டுவதில்லை.